பேப்பரில் ஒன்றும் போடவில்லை

அன்புள்ள சேகருக்கு,

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் கார்டு வந்து நான்கு நாள். அறை கிடைத்துவிட்டது, மெஸ்ஸில் குழம்பு தண்ணீராக இருக்கிறது என்று எழுதிவிட்டு, கீழே இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி இன்னொன்றும் எழுதியிருந்தாய். உங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் வெளியூர்க்காரர்கள் அந்தந்த வாரத்துச் செய்திகளைப் பற்றி மனம்விட்டு எழுதுவதற்கு ஒரு பகுதி தொடங்கப் போகிறார்கள், 'நீங்கள்தான் தினமும் பாய் கடையில் பேப்பர் படித்துக் காட்டுகிறீர்களே, நம் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள்' என்று. நான் இதைச் சத்தமாகப் படித்ததும் உன் அம்மா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "யார மனசு உட்டு எழுதச் சொல்றான்? உங்களயா? கொழம்புல உப்பு இல்லன்னு சொல்றதுக்கே உங்களுக்கு இருவது வருசம் ஆச்சி" என்றாள். அவள் சொன்னது கொஞ்சம் மிகை. ஆனால் பொய் இல்லை.

நான் முறையாகத்தான் முயன்றேன். நான்கு தாள்கள் எடுத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செய்தியின் பெயரை எழுதிக் கோடு போட்டேன். முதல் தாள் இட ஒதுக்கீடு. வடக்கே மாணவர்கள் தங்கள் மேலேயே நெருப்பு வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் படித்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் வழக்கமாக என் வலப்பக்கம் உட்காரும் கரும்பு விவசாயி ஏகாம்பரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன் தன் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுச் சாலையில் உட்கார்ந்தவர் அவர். "நாங்க மரத்தத்தான் சார் வெட்டினோம். இவனுங்க இன்னா தன்னயே கொளுத்திக்கிறானுங்க? பெத்தவ எப்பிடித் தாங்குவா?" என்றார். அந்தப் பையன்கள் எதை எதிர்க்கிறார்களோ அதைக் கேட்டுத்தான் இவர் லத்தியடி பட்டார். ஆனாலும் அவருக்கு முதலில் தோன்றியது அந்தத் தாயைப் பற்றிய நினைப்புதான். ஏகாம்பரம் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. தன் பிள்ளைக்கு இடமே இல்லாமல் போய்விடும் என்று வடக்கே ஒரு வீட்டில் பயப்படுகிறார்கள். இடம் என்ற ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்கிறார்கள் இங்கே. இரண்டு வீட்டுக்காரர்கள் மேலும் எனக்கு இரக்கம் வருகிறது. தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தும் தீர்ப்பு எழுதும் வேலை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதுமில்லை.

இரண்டாவது தாள் வளைகுடாச் சண்டை. பாஷா பாயின் தங்கை மகன் அங்கே வேலையில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். கயிறும் முறமும் மண்வெட்டியும் விற்கிற அந்தக் கடையில், ஒரு மாதமாக நான் பேப்பரைப் பிரித்தால் பாய் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார். "பேரு ஏதாச்சும் போட்டுக்கிறானா சார்?" என்பார். திரும்பி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். பேப்பரில் எப்படிப் பெயர் போடுவார்கள்? ஆனாலும் ஒவ்வொரு நாளும் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிவிட்டு, "இன்றைக்கு இல்லை பாய்" என்பேன். பையன் போன வாரம் ஒரே ஒரு கைப்பையோடு வந்து சேர்ந்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவன் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று கடைவீதியிலேயே கால் கிலோ மிக்சர் வாங்கிப் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். "துபாய் மிக்சரா தம்பி, காரம் நம்மூரு மாதிரியே கீது" என்று ஏகாம்பரம் சொல்ல, பையன் முதல் முறையாகச் சிரித்தான். மூன்றாவது தாள், டி.வி.யில் வந்த ஞாயிறு காலைப் புராணத் தொடர். அது முடிந்துபோனதில் பாய்க்குத்தான் பெரிய வருத்தம். இந்தி புரிகிறவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். கடைக்குள் டி.வி. முன்னால் முப்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "பாய், அந்தம்மா இன்னாத்துக்கு அழுவுது?" என்பார்கள். "சும்மா இரு, மாமியாக்காரி ஜாஸ்தியா பேசிட்டா" என்பார் பாய். கதையில் அந்த இடத்தில் மாமியாரே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது பேரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். நான்காவது தாளில் 'இதர' என்று எழுதி வைத்திருந்தேன்.

நான்கையும் கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம், நீ ஊருக்குப் போனபின் வந்த முதல் சந்தை நாளில் சடையன் சொன்ன ஒரு பேச்சு. சடையனை நீ ஒன்றிரண்டு முறை பார்த்திருப்பாய். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமம். வாரம் ஒருமுறை புளியும் கடுக்காயும் கொண்டுவந்து விற்றுவிட்டு, பாய் கடைக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் குந்துவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் படிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உனக்குப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்ததை பாய் அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சடையன் என் பக்கம் திரும்பினார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். "உங்க புள்ளயாச்சும் எல்லாத்தயும் ஒழுங்கா போடச் சொல்லுங்க சார். அன்னிக்கி அந்தப் பேப்பர்காரன் மறியல போடாம உட்டுட்டான். எம் பொண்ணு சீட்டு பூடுச்சி." நான் பேப்பரை மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "சொல்றேன்" என்றேன். அதோடு படிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் சேகர், அவர் சொன்னது மூன்று வருடத்துக்கு முந்தைய பேப்பரை; அதில் மறியல் செய்தி போட்டிருந்தது. முதல் பக்கத்தில், மேலே, பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான்தான் இல்லை என்று சொன்னேன்.

நீ அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த மாதங்களில் பாய் கடைப் பெஞ்சு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. தனி ஒதுக்கீடு கேட்கிறவர்கள் ஒரு பக்கம். அதையொட்டி மூண்ட கலவரத்தில் கூரை எரிந்த தெருவிலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டிலும் சேராமல், வியாபாரம் கெட்டுப்போகுமோ என்று நடுவில் பாய். எல்லோரும் வருவதை நிறுத்தவில்லை. பழக்கம் அப்படி. ஆனால் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டார்கள். நான் பேப்பரைப் பிரிக்கும்போது பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும். அதனால் நான் தாண்டித் தாண்டிப் படிக்கத் தொடங்கினேன். துப்பாக்கிச் சூடு இருந்தால் மணிலாக்கொட்டை விலைக்குப் போய்விடுவேன். மரம் வெட்டிய செய்தி வந்தால் சினிமாப் பக்கத்தைத் திருப்புவேன். ஒரு நடிகைக்குக் கல்யாணம் நிச்சயமானதை நான்கு நாள் நான்கு விதமாகப் படித்திருக்கிறேன். அவர்களுக்கும் தெரியும். "சாரு வாயில பட்டா வெடிகுண்டுகூட பஞ்சாப் பூடும்" என்று யாரோ சொன்னபோது பெஞ்சே சிரித்தது. ஏதோ புண்ணியம் செய்வதுபோல் எனக்கு உள்ளூரப் பெருமை. கோர்ட்டில் சாட்சிகளுக்கு அவர்கள் சொன்ன வாக்குமூலத்தை ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டி, 'படிக்கக் கேட்டேன், சரி' என்று கைநாட்டு வாங்கியவன் நான். ஒரு வரியை விட்டுப் படித்தால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பெஞ்சில் யாரும் இல்லை.

அன்று சந்தை நாள். மறியல் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு இருந்தது. எந்த நாளிலிருந்து என்பது அன்றைய பேப்பரில்தான் வந்திருந்தது. மறுநாள் காலை முதல், எல்லாச் சாலைகளிலும். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்பக்கத்தைத் திருப்பியிருந்தேன். கடையில் கயிறு விலை கேட்டுக்கொண்டு புதிதாக ஒரு ஆள் நின்றிருந்தார். அவர் வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. மஃப்டியில் வந்த போலீஸ்காரர் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்போதுதான் சடையன் வந்தார். உட்காரக்கூட இல்லை. "சார், பொண்ணுக்கு நாளான்னிக்கி சேலத்துல நேர்முகம். டீச்சர் ட்ரெயினிங்குக்கு. எங்க சனத்துக்குன்னு ஒரு சீட்டு வெச்சிக்கிறாங்களாம். நாளைக்கிக் காத்தால மலையிலேர்ந்து எறங்கலாம்னு இருக்கறோம். மறியல்னு சொல்லிக்கிறாங்களே, பேப்பர்ல இன்னா போட்டுக்குது? ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, இப்பவே போயி பொண்ண இட்டுக்கினு வந்து, இன்னிக்கே சேலத்துக்குப் போயி எங்கியாச்சும் தங்கிக்கிறேன்" என்றார்.

பெஞ்சில் ஒருவர்கூட அசையவில்லை. நாள் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு மூன்று பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆள் நிற்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. என் கையில் அச்சடித்த தாள் இருந்தது. படித்தால் போதும், யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது. ஆனால் அதைப் படித்தால் ஒரு பக்கம் கை தட்டுவார்களோ, மறுபக்கம் எழுந்து நிற்பார்களோ, பாய் கடையில் கலகம் வந்துவிடுமோ, என் குரல் எந்தப் பக்கம் சாய்ந்ததுபோல் கேட்கும் என்றெல்லாம் ஒரு நொடியில் என் மனம் ஓடியது. "அப்படி ஒன்னும் போடலியே" என்றேன். சடையன் முகம் தெளிந்துவிட்டது. "பேப்பர்லயே இல்லன்னா பஸ்ஸு ஓடும்" என்று சொல்லி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடுக்காய் மூட்டையை எடுக்கப் போனார். பின்னாலேயே போய், சந்தைக் கூட்டத்தில் கையைப் பிடித்துத் தனியாகச் சொல்லியிருக்கலாம். எழுந்துகூடப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியாததல்ல. உன் மாமா இறந்த அன்று தந்தி வந்தபோது உனக்கு ஏழு வயது. உன் அம்மா அப்போதுதான் தட்டில் சோறு போட்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தந்தியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குள் சங்கராபுரம் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனபோது அவள் அண்ணனை எடுத்துவிட்டிருந்தார்கள். நீ அழுததும் அவள் அழாததும் எனக்கு நினைவிருக்கிறது. "நான் தின்ன அந்த ஒருபிடி சோத்துக்காவ எங்கண்ணன் மொகத்தப் பாக்க உடாம பண்ணிட்டீங்க" என்று அன்றைக்குச் சொன்னாள். அதற்குப்பின் சொன்னதே இல்லை. மற்றவர்கள் மனம் நோகக்கூடாது என்று நான் செய்ததாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நோகிற முகத்தை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதே உண்மை. இதை எழுதும்போதும், நான் என்னைக் குறை சொல்லிக்கொள்வதுகூட நீ என்மேல் இரக்கப்படட்டும் என்பதற்காகத்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதையும் நீயே பார்த்துக்கொள்.

சடையனுக்கும் அவர் மகள் அலமேலுவுக்கும் என்ன ஆயிற்று என்பதை எனக்குச் சொன்னது ஏகாம்பரம்தான். மலையிலிருந்து பஸ் அடிவாரம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியைத் தாண்டி, சின்னசேலம் போனால் ரயிலாவது இருக்கும் என்று மேலும் நடந்திருக்கிறார்கள். வழி நெடுகப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஏகாம்பரமும் ஒருவர். சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் கிளைகளுக்குள் நுழைந்து வருவதைப் பார்த்து எழுந்து போய்க் கைகொடுத்திருக்கிறார். பிறகு பார்த்தால் பின்னால் சடையன். "எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சி சார். அவுங்களுக்குக் கேவுரு கூழு குடுத்து, ஸ்டேசன் வரிக்கும் கூடவே நடந்துபோயி உட்டேன். மரத்த வெட்டுனவனே வழி காட்டிக்கினு போனேன்" என்றார். ரயிலும் ஓடவில்லை. அவர்கள் சேலம் போய்ச் சேர்ந்தபோது நேர்முகம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அந்த இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. இதைச் சொல்லிவிட்டு ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க பக்கத்தத் திருப்பினத நான் பாத்துக்கினுதான் சார் இருந்தேன். கொட்ட எழுத்துல கெடந்துச்சி. நானும் சொல்லல" என்றார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் பெஞ்சில் அவர் எப்போதும் என் பக்கத்திலேயே உட்காருகிறார்.

நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது. அலமேலுவுக்காக மனு எழுதினேன். சாலை மறியலால் வர இயலவில்லை, கருணையோடு பரிசீலிக்கவேண்டும் என்று மூன்று பிரதிகள், மூன்று இடங்களுக்கு. நல்ல மனு. தேதி, இடம், தூரம் எல்லாம் சரியாக இருந்தது. என் பெயர் மட்டும் அதில் இல்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு அவளைவிடக் கூடுதலாக மதிப்பெண் வாங்கிய இன்னொரு மலைப் பெண் விண்ணப்பித்திருந்தாள். இடம் ஒன்றே ஒன்றுதான். இப்போது அலமேலு தன் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். வகுப்பறைக்கு அடுத்த கட்டடம். மனு எழுதிக் கொடுத்ததற்காகச் சடையன் வருடா வருடம் எனக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து கொடுக்கிறார். உன் அம்மா அதைக் கஷாயத்தில் கலந்து கொடுப்பாள். ஒரு தடவைகூட எனக்கு அது இனித்ததில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்பாரே என்று வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

சேகர், உன் வேலை செய்தியைக் குறைப்பது என்று நீ கிளம்புமுன் சொன்னாய். நாற்பது வரியில் வருவதைப் பத்து வரியாக்கவேண்டும், இடம் இல்லையென்றால் எடுத்துவிடவேண்டும். அந்த வேலை எனக்குப் புரிகிறது. பேனா இல்லாமலே நான் செய்து பார்த்திருக்கிறேன். எது முக்கியம் என்று உனக்குக் கற்றுக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. நடிகை கல்யாணமும் வேண்டியதுதான். அந்தக் கசப்பான மாதங்களில் பத்துப் பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது அதுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரியை எடுக்கும்போது, அதை எடுப்பது இடத்துக்காகவா, உன் நெஞ்சின் படபடப்புக்காகவா என்று உன்னையே கேட்டுக்கொள். இரண்டாவதுதான் காரணம் என்று தோன்றினால், அந்த வரியைத் திரும்ப வைத்துவிடு. இதை நீ அச்சிடுவதாக இருந்தால் தாராளமாக அச்சிடு. உன் பெயர் தவிர மற்றப் பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இதுவரை எழுதி உறையில் போட்டு, ஒட்டாமல் மேசை மேல் வைத்திருந்தேன். உன் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் அச்சடிச்சிக் குடுப்பீங்க, அந்த மனுசனுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அவருக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். சந்தை நாளன்று காலையில் அவளே சட்டையை எடுத்து நீட்டினாள்.

கடையில் கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். பாயும் சடையனும் மட்டும் இருந்தார்கள். கோர்ட்டில் பேசுவதுபோல் நின்றுகொண்டு சொன்னேன். "சடையன், மூனு வருசத்துக்கு முந்தி நீங்க கேட்டீங்களே, அது பேப்பர்ல போட்டிருந்தது."

"இன்னாது சார்?"

"மறியல். மறுநாள் காத்தாலயிலேர்ந்துன்னு. மொதப் பக்கத்துலயே."

சடையன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நீங்க பாக்காம உட்டுட்டீங்க" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை, எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கண் மங்கலான கிழவன், கவனிக்கவில்லை, முடிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்ததை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

"பாத்தேன். பாத்துட்டுத்தான் இல்லன்னேன்."

"இன்னாத்துக்கு?"

"பயம்."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லா, இன்னா சார் பண்ணிட்டீங்க" என்றார். சடையன் தன் காலிச் சாக்கை உதறினார், மடித்தார், திரும்பவும் உதறினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். "இத எம் பொண்ணாண்ட வந்து நீங்க சொல்லணும்" என்றார். "நான் சொன்னா நம்பமாட்டா. நீங்களே வந்து சொல்லணும்." எனக்குத் தண்டனையாகத்தான் அதைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் மலை ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் தலை சுற்றியது. திரும்பிவிட அதுவே நல்ல காரணம் என்று நான்கைந்து வளைவு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். சடையன் இறங்குமிடத்தில் நின்றிருந்தார். பேசாமல் முன்னால் நடந்தார். பள்ளிக்கூடம் வந்ததும் வேலிப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகும்படி கை காட்டினார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அலமேலு பெரிய அண்டாவைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கோர்ட்டு சார்தான? வாங்க சார். மனுவெல்லாம் எழுதிக் குடுத்தீங்களே" என்று எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு. "அப்பா அன்னிக்கி உங்களாண்ட வந்து கேட்டாரா?"

"கேட்டார்."

"இன்னான்னு கேட்டாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். ஒரு சொல் மாறாமல் எனக்கு அது நினைவிருந்தது. ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, இப்பவே போயி பொண்ண இட்டுக்கினு வந்து, இன்னிக்கே சேலத்துக்குப் போயி எங்கியாச்சும் தங்கிக்கிறேன் என்று கேட்டார் என்றேன்.

அலமேலு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கி சாயங்காலம் ரேடியோல மறியல்னு சொன்னாங்க சார். நான் அப்பாவாண்ட சொன்னேன். நடந்தாச்சும் இப்பவே எறங்கிடலாம்னேன். பேப்பர்ல இல்லன்னு சாரே பாத்துச் சொல்லிட்டாரு, ரேடியோக்காரனுக்கு இன்னா தெரியும்னாரு. அப்பவே எனக்கு நம்பிக்க இல்ல. எங்க மாமன் வூட்ல பொண்ணு கேட்டுக்கினு இருந்தாங்க. அப்பாக்கு என்ன அனுப்ப இஷ்டம் இல்ல, யாரையும் கேக்கவே இல்ல, சும்மா சொல்லிட்டாருன்னு..." அவள் முடிக்கவில்லை. "மூனு வருசமா அவராண்ட நான் பேசறது இல்ல சார். சோறு போடுவேன், அவ்ளோதான்" என்றாள்.

தன் மகள் தன்னைப் பொய்யன் என்று நினைத்திருப்பது தெரிந்தே சடையன் ஒவ்வொரு சந்தைக்கும் வந்து, அந்தப் பொய்யைச் சொன்னவன் எதிரில் குந்தியிருந்திருக்கிறார். பேப்பர்காரன் போடவில்லை என்று வீட்டில் எத்தனை முறை சொல்லிப் பார்த்தாரோ.

அலமேலு வெளியே போனாள். நான் பின்னால் போகவில்லை; வாசலோரம் நின்றேன். வேலி அருகே போய் அவள் அப்பா எதிரில் நின்றாள். அவர் நிமிரவில்லை. "யப்பா, காத்தாலயிலேர்ந்து ஏதாச்சும் துன்னியா?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் இல்லை என்று தலையாட்டினார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார வைத்து, தனக்கென்று தூக்கில் எடுத்து வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டுக் குழம்பு ஊற்றினாள். அவர் சாப்பிட, எதிரில் குந்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொன்னேன். "சரிங்க சார்" என்றாள், திரும்பாமல்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கும் ஒரு தட்டு வெச்சாளா?" என்று கேட்டாள்.

வைக்கவில்லை என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சரிதான் என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உன் அப்பா